சம்பந்தியின் பதிப்பு

மடியில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறீர்கள், அதனால்தான் கேட்கிறேன். இல்லாவிட்டால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் நான் பேசுகிற ஆள் இல்லை. திருநெல்வேலியில் ஏறி மதுரை வரை வாய் திறக்காமல் போயிருக்கிறேன். ஒரு தடவை ஒருவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். விருதுநகர் வரை எழுப்பவில்லை. எழுப்பினால் ஏதாவது சொல்ல வேண்டுமே.

இந்தப் பென் டிரைவில் ஒரு கோப்பு இருக்கிறது. அது உங்கள் கம்ப்யூட்டரில் திறக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவசரம் இல்லை. உங்கள் வேலையை முடியுங்கள். கயத்தாறே இன்னும் வரவில்லை. அதற்குள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என்ன திறக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும்.

என் பெயர் ஆவுடையப்பன். பாளையங்கோட்டையில் வீடு. ஒரு நூற்பாலையின் நிர்வாக அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது எல்லோரும் அதற்குத் துணி போர்த்திப் பொட்டு வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். நான் துணியை எடுத்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானே கற்றுக்கொண்டேன். மெயில் வந்த பிறகு, மெயிலோடு சேர்ந்த காலண்டர் அழைப்பு என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். ஒரு கூட்டத்துக்கு நாளும் நேரமும் போட்டு அனுப்புகிறோம். வாங்குகிறவர் திரையில் மூன்று பொத்தான் வரும். வருகிறேன் என்று ஒன்று. வரவில்லை என்று ஒன்று. நடுவில் டென்டேட்டிவ் என்று ஒன்று. வரலாம், வராமலும் போகலாம். அவர் ஒன்றை அழுத்தினால் அவர் காலண்டரிலும் ஏறிவிடும், நமக்கும் பதில் வந்துவிடும். ஒருவரோடு ஒருவர் பேசவே வேண்டாம். மனிதன் கண்டுபிடித்ததில் இதற்கு மேல் ஒன்று இல்லை என்பது என் கருத்து.

ஆலையில் அத்தனை பேரும் இதில்தான் கூட்டம் வைத்தார்கள். ஒரு பிசகு கிடையாது. எல்லோருக்கும் அந்த மெயில் சாப்ட்வேரில் ஒரே பதிப்பு, நான்தான் போட்டுக் கொடுத்தேன். ஓய்வு பெற்ற அன்று மாலையும் சால்வையும் போட்டுவிட்டு, என் மேஜையில் இருந்த அந்தக் கம்ப்யூட்டரையே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். அதை வாங்க வேறு ஆள் இல்லை என்று பின்னால் சிலர் பேசிக்கொண்டதாகக் கேள்வி. பொறாமை.

வீட்டிலும் நான் அதை விடவில்லை. என் மனைவி கோமதி பெயரில் ஒரு மெயில் ஐடி திறந்து கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காந்திமதியம்மன் கோயில், மாதக் கடைசியில் மளிகை, அவள் தம்பி சங்குமுத்து வீட்டு விசேஷம், எல்லாவற்றுக்கும் அவளுக்கு அழைப்பு அனுப்புவேன். அவள் கம்ப்யூட்டர் பக்கம் வரமாட்டாள். அதனால் அவள் ஐடியில் நானே நுழைந்து "வருகிறேன்" என்று அழுத்திவிடுவேன். ஒரு நாளும் எங்களுக்குள் தகராறு வந்ததில்லை.

அவளுக்குப் போன்தான். ஊரில் யாருக்கு என்ன ஆனாலும் அவள் போனில்தான் வரும். எடுத்தவுடன் "சாப்பிட்டீங்களா?" என்பாள். காலை பத்து மணிக்கும் அதேதான், சாவு வீட்டுக்குப் பேசினாலும் அதேதான். அது தேவையில்லாத வாக்கியம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஆலையில் யாராவது மெயிலில் அப்படி எழுதியிருந்தால் அந்த வரியை நான் அடித்திருப்பேன். அவள் கேட்கவில்லை. நான் பேச வேண்டிய போனையும் அவளே போட்டு, அவளே பேசி, கடைசியில் என்னிடம் நீட்டுவாள். நான் "ம்" என்பேன். அத்தோடு முடிந்துவிடும்.

அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமை கோயில் அழைப்பு இன்னும் காலண்டரில் சத்தம் போடுகிறது. முடிவுத் தேதி போடாமல் விட்டுவிட்டேன். நீக்கப் போனால், இந்த ஒரு நாளை மட்டும் நீக்கவா, மொத்தத்தையும் நீக்கவா என்று கேட்கிறது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது கிடக்கட்டும்.

எங்களுக்கு ஒரே பெண். பூரணி. பெங்களூரில் வேலை. வைகாசியில் மதுரையிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் விசாகன், அவனுக்கும் பெங்களூரில்தான் வேலை. அப்பா மாணிக்கவாசகம், தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா தெய்வானை. பெண் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். வந்த இடத்தில் அந்த மனுஷர் என்னிடம் முதலில் என்ன கேட்டார் தெரியுமா? "சார், உங்க மெயில் ஐடி என்ன?"

எனக்கு அப்போதே சம்பந்தம் பிடித்துவிட்டது.

"போன் நம்பர் வேண்டாமா?" என்று தெய்வானை அம்மாள் கேட்டார்கள்.

"முப்பது வருஷம் போன்ல ஊர்ப்பட்ட திட்டு வாங்கியாச்சு. லைன் செத்துப்போச்சு, லைன் செத்துப்போச்சுன்னு. இனிமே அந்தக் கருமத்தைக் காதுல வைக்கறதா இல்ல. எதுவா இருந்தாலும் எழுத்துல இருக்கட்டும். என்ன சார்?" என்றார் அவர்.

"அதுதான் முறை" என்றேன்.

பூரணியும் விசாகனும் மாடியில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கீழே நாங்கள் இரண்டு பேரும் மெயிலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். அவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அன்றைக்குக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அவர் புதிய பதிப்பு வைத்திருந்தார். மகன் போட்டுக் கொடுத்ததாம். பெருமையாகச் சொன்னார். நான் பழைய பதிப்பு. அதையும் பெருமையாகத்தான் சொன்னேன். சாதி, ஜாதகம், கோத்திரம் எல்லாம் பார்த்தோம். இதைப் பார்க்கவில்லை.

நிச்சயதாம்பூலத்துக்கு நாள் குறிக்க வேண்டும். ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. நானே பஞ்சாங்கம் பார்த்து, ஜோசியரிடமும் காட்டிக் குறித்தேன். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மண்டபம் பேசினேன். மாணிக்கவாசகத்துக்கு முறையாகக் காலண்டர் அழைப்பு அனுப்பினேன். தலைப்பு, இடம், நேரம், பதினைந்து நிமிஷம் முன்னால் நினைவூட்டல். எதுவும் குறையில்லை.

பதில் வந்தது. டென்டேட்டிவ்.

சொந்த மகனுடைய நிச்சயத்துக்கு. வரலாம், வராமலும் போகலாம்.

எங்கள் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் ஒருவர் எல்லாக் கூட்டத்துக்கும் அந்தப் பொத்தானைத்தான் அழுத்துவார். ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. அவர் ஞாபகம்தான் எனக்கு வந்தது. பூரணி போன் பண்ணினாள். "என்னப்பா, அவங்க என்ன சொன்னாங்க?" என்றாள். நான், "பதில் வந்திருக்கு" என்றேன். "என்னன்னு?" என்றாள். "பரிசீலனையில இருக்கு" என்றேன்.

"நிச்சயத்துக்கு என்னப்பா பரிசீலனை? நீங்க ஒரு போன் போட்டுப் பேசுங்களேன்."

பெண்ணைப் பெற்றவன் போன் போட்டால் அவசரப்படுகிறோம் என்று ஆகாதா? சொல்லுங்கள். விசாகனிடம் கேட்கிறேன் என்றாள். கூடாது என்றேன். இது பெரியவர்கள் விஷயம், முடிவானதும் நானே சொல்கிறேன், அதுவரை இதைப் பற்றிப் பேசக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து வேறு நேரம் கேட்டு ஒரு அழைப்பு வந்தது. அதே ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரை மணி.

முதலில் எனக்குத் திக்கென்றது. ஐந்தரைக்குப் பால்காரர்தான் வருவார். பிறகு யோசித்தேன். ரொம்ப ஆசாரமான குடும்பம் போலிருக்கிறது, விடியற்காலையில் சூரியன் எழும்போதுதான் தட்டு மாற்றுவார்கள் போல. பதினோரு மணி என்று போட்டது அவர்களுக்கு ஏதோ குறையாகப் பட்டிருக்கிறது. நேரடியாகச் சொல்ல முடியாமல் டென்டேட்டிவ் அழுத்தியிருக்கிறார்கள். மதுரையிலிருந்து அந்த நேரத்துக்கு வர வேண்டுமானால் ராத்திரியே கிளம்ப வேண்டும். கிளம்புகிறேன் என்கிறார்களே, எவ்வளவு பக்தி! விட்டுக்கொடுப்போம் என்று சம்மதம் அழுத்தினேன்.

மண்டபத்து மேலாளர், "அண்ணாச்சி, நிச்சயமா, இல்ல நடை திறப்பா?" என்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் எங்கள் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரையும் எழுப்பிக் குளிக்க வைத்து மண்டபத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். பூரணி அரைத் தூக்கத்தில் தலையில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்தரை ஆயிற்று. யாரும் வரவில்லை. சூரியன் வந்தது. சங்குமுத்து வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தான். "அத்தான், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்களா, இல்ல சூரியனுக்கே பேசி முடிச்சுட்டீங்களா?" என்றான். அவனுக்கு எப்போதும் என்னைச் சீண்ட வேண்டும். அக்கா இருக்கும்போதும் அப்படித்தான்.

"விசாகனுக்குப் போன் பண்ணட்டுமா?" என்று பூரணி கேட்டாள்.

"வேண்டாம். நாம பறக்கறோம்னு நினைப்பாங்க."

இட்லி ஆறியது. ஒரு பந்தி நாங்களே சாப்பிட்டோம். சிலர் நாற்காலியைச் சேர்த்துப் போட்டுப் படுத்துவிட்டார்கள். நாகஸ்வரக்காரர், வேறு ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, போய்விட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டார். போய்விட்டு வந்தும்விட்டார். பதினோரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒரு வேன் வந்து நின்றது. இஸ்திரி கலையாத சட்டை, மல்லிகைப் பூ, சந்தன வாசனை. மாணிக்கவாசகம் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

நான் வாசலில் நின்றேன். "வாங்க. இப்பத்தான் விடிஞ்சுதா மதுரையில?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம் முன்னாலயே வந்துட்டோமே சார்."

"எந்தக் கணக்குல?"

"நீங்க ஒத்துக்கிட்ட கணக்குலதான். முதல்ல ராகு காலத்துல வச்சீங்க. அது வேண்டாமேன்னு பதினோரு மணி கேட்டேன். நீங்களும் சரின்னு அழுத்துனீங்க."

"ராகு காலமா? நானா?"

"பின்ன? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலரை மணி என்ன காலம்? பகுத்தறிவுக் குடும்பம் போலிருக்கு, நாம வாயைத் திறந்து மரியாதையைக் கெடுத்துக்க வேண்டாம்னு எங்க வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லித்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"எங்க வீட்டுல காக்காய்க்குச் சோறு வைக்காம நான் காப்பி குடிச்சது கிடையாது! அஞ்சரை மணின்னு போட்டது நீங்க. ஊரையே எழுப்பிக் கூட்டிட்டு வந்திருக்கேன், பாருங்க, எல்லாம் படுத்துக் கிடக்கு!"

"அஞ்சரையா? அஞ்சரைக்கு எவன் சார் நிச்சயம் பண்ணுவான்?"

"அத்தான், பட்டு வேட்டியோட சண்டைக்குப் போகாதீங்க. அக்கா எடுத்துக் கொடுத்த வேட்டி" என்றான் சங்குமுத்து.

விசாகன்தான் நடுவில் வந்தான். அழைப்புகளை எல்லாம் நான் அச்சடித்துக் கையோடு கொண்டு போயிருந்தேன். அதை வாங்கினான். அவன் அப்பாவுடைய போனையும் வாங்கினான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"மாமா, உங்க பழைய பதிப்பு அனுப்புற நேரத்தை அப்பாவோட புதுப் பதிப்பு லண்டன் நேரம்னு எடுத்துக்குது. லண்டனுக்கும் நமக்கும் அஞ்சரை மணி நேரம் வித்தியாசம். அதனால நீங்க பதினொண்ணுன்னு அனுப்புனது அப்பாவுக்கு சாயங்காலம் நாலரைன்னு போயிருக்கு. அப்பா பதினொண்ணுன்னு அனுப்புனது உங்களுக்குக் காலைல அஞ்சரைன்னு வந்திருக்கு. ரெண்டு பேரும் கேட்டது பதினொரு மணிதான்."

மண்டபமே சிரித்தது. படுத்திருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்து என்னவென்று கேட்டுச் சிரித்தார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. நான் சிரித்தால் என் பதிப்பு தப்பு என்று ஆகிவிடும். அவர் சிரித்தால் அவர் பதிப்பு.

"பழசைக் கட்டிக்கிட்டு அழுதா இப்படித்தான்" என்றார் அவர்.

"எங்க ஆலையில இருபது வருஷம் ஒரு பிசகு இல்ல. உங்ககிட்ட மட்டும் தப்பா வருதுன்னா தப்பு யார்கிட்ட?" என்றேன்.

தெய்வானை அம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றார்கள். "நல்ல நேரம் போகுது. ரெண்டு பேரும் கையை நீட்டுங்க" என்றார்கள். நீட்டினோம். அவர் கிழக்கே பார்த்தார், நான் மேற்கே பார்த்தேன், தட்டு மாறியது. சரியாகப் பதினோரு மணிக்கு, நான் குறித்த நாளில், நான் குறித்த நேரத்தில், நான் குறித்த இடத்தில் என் மகளுடைய நிச்சயம் நடந்தது. அந்த அவமானத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இது கயத்தாறு. பஸ் உள்ளே போகாது, பாலத்துக்குக் கீழேயே இறக்கிவிடுவார்கள். நீங்கள் வேலையைப் பாருங்கள், நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

வேன் கிளம்புகிற நேரத்தில் பூரணி எங்கள் இரண்டு பேரையும் வாசலில் நிறுத்தினாள். கையில் நிச்சயப் புடவை முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவும் கோபம் வந்தால் அப்படித்தான் பிடிப்பாள்.

"அப்பா, மாமா, ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. கல்யாணத் தேதியை நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசி முடிவு பண்ணுங்க. வாயால. மெயில்ல வந்த தேதிக்கு நான் மணவறைக்கு வரமாட்டேன்."

"விளையாட்டுக்குச் சொல்றா" என்றேன் நான்.

"இல்ல மாமா. நானும் வரமாட்டேன்" என்றான் விசாகன்.

அவர் கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன். மாப்பிள்ளை வீட்டார்தானே நாள் கேட்க வேண்டும். அவர், பெண் வீட்டார் கூப்பிடட்டும் என்று இருந்திருக்கிறார். பிறகு ஆடி வந்துவிட்டது. ஆடியில் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. எங்கள் இரண்டு பேருக்கும் அந்த மாதம் நிம்மதியாகப் போயிற்று. ஆடி முடிந்ததும் ஒரு நாள் துணிந்து அவர் நம்பரைப் போட்டேன். மணி ஒரு தடவை அடித்தது. வைத்துவிட்டேன். நான் கூப்பிட்டது அவருக்குப் பதிவாகியிருக்கும் அல்லவா? திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. மறுநாள் அவரிடமிருந்து ஒன்று வந்தது. ஒரே ஒரு மணி. நின்றுவிட்டது. நானும் கூப்பிடவில்லை.

நேரம் போய்க்கொண்டிருக்கிறது. ஆவணியில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு நல்ல முகூர்த்தம். புரட்டாசியில் கல்யாணம் வைப்பதில்லை. ஐப்பசியில் விசாகன் ஜெர்மனிக்குப் போகிறான், இரண்டு வருஷம். அந்த ஒரு முகூர்த்தத்துக்கு ஒரு மண்டபத்தைப் பூரணியே பேசிப் பிடித்து வைத்திருக்கிறாள். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் உறுதி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு வருஷம் தள்ளிப்போட்ட நிச்சயம் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். சின்னப் பிள்ளைகள். அவன் அங்கே, இவள் இங்கே. அப்பன்மார் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

வியாழக்கிழமை பூரணி போன் பண்ணினாள்.

"பேசிட்டீங்களாப்பா?"

"ஒரு அழைப்பு அனுப்பலாம்னு..."

"அப்பா."

"இந்தத் தடவை அஞ்சரை மணி நேரத்தைக் கழிச்சுட்டு அனுப்புவேன். அவருக்குச் சரியா வந்துரும்."

"அம்மா இருந்தா இது ஒரு போன்ல முடிஞ்சிருக்கும்" என்றாள். வைத்துவிட்டாள்.

அது உண்மை இல்லை. கோமதி ஒரு போனில் எதையும் முடித்ததே இல்லை. குறைந்தது நாலு போன் ஆகும். முதல் போனில் சாப்பாட்டைத் தவிர வேறு எதுவும் வராது. ஆனால் பூரணி வைத்துவிட்டாள், சொல்ல முடியவில்லை. அவள் அழுதாளா இல்லையா என்பது போனில் தெரியாது. அதுதான் போனில் உள்ள குறை.

அதனால் நேரிலேயே போய்விடுவது என்று முடிவு செய்தேன். நேரில் போனால் பேச வேண்டியதில்லை. உட்காரச் சொல்வார்கள். காப்பி கொடுப்பார்கள். பஞ்சாங்கத்தை விரித்து அந்தத் தேதியில் விரலை வைத்தால் அவர் தலையை ஆட்டிவிடுவார். போனில் பேசு என்றாள் மகள். நேரில் போவது அதற்கும் மேல்தானே, ஒத்துக்கொள்வாள். இன்றைக்கு வருகிறேன் என்று ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து ஒரு அழைப்பும் அவருக்கு அனுப்பிவிட்டேன். பதில் இல்லை.

பதில் இல்லை என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை, கோயில் அழைப்பு சத்தம் போட்டு ஓய்ந்த நேரம், அவரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. உள்ளே ஒரு எழுத்து இல்லை. இணைப்பாக ஒரு கோப்பு. என் பதிப்பில் திறக்கவில்லை. எல்லா வழியிலும் பார்த்துவிட்டேன். அதுதான் இந்தப் பென் டிரைவில் இருப்பது.

சம்மதமாக இருக்கலாம். சம்பந்தமே வேண்டாம் என்றும் இருக்கலாம். திறக்காத வரைக்கும் இரண்டும்தான். அந்த வீட்டுப் படி ஏறுவதற்கு முன்னால் எனக்கு அது தெரிந்தாக வேண்டும். தட்டைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று அவர் எழுதியிருந்து, நான் பஞ்சாங்கத்தோடு போய் நின்றால் எப்படி இருக்கும்? பூரணியிடம் நான் என்ன சொல்வேன்?

முடித்துவிட்டீர்களா? இந்தாருங்கள். அதில் அந்த ஒரு கோப்புதான் இருக்கும். அதேதான். அழுத்துங்கள்.

வந்துவிட்டதா? என்ன எழுதியிருக்கிறது? மறைக்காமல் சொல்லுங்கள், எனக்கு ஒன்றும் ஆகாது.

கட்டம் கட்டமாகவா. எனக்கும் அப்படித்தான் வந்தது. இன்னொரு தடவை பாருங்கள். உங்களுடையது எந்தப் பதிப்பு? புதியதா? பார்த்தீர்களா, புதியதிலும் திறக்கவில்லை. அன்றைக்கு இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டது.

சரி. எடுத்துக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் என்ன செய்வீர்கள். கோவில்பட்டி தாண்டிவிட்டோம். மதுரை போய்த்தான் தெரிய வேண்டும்.

என்ன சத்தம்? குயில் இல்லை, போன். என் பையில்தான். இது கோமதியுடைய போன். ரீசார்ஜ் மட்டும் பண்ணிக்கொண்டிருக்கிறேன். எல்லோரிடமும் இந்த நம்பர்தானே இருக்கிறது. பூரணியாக இருக்கும். பெயர் என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள், கண்ணாடி மேலே பெட்டியில் மாட்டிக்கொண்டது.

மதுரை மாமா என்றா? பூரணி பதிந்து வைத்திருக்கிறாள்.

ஐயா, ஒரு உதவி. நீங்கள் எடுத்துப் பேசுங்கள். அவர் தூங்குகிறார் என்று சொல்லுங்கள். வேண்டாம், பொய் வேண்டாம். இருக்கிறார், கொடுக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் வழக்கம். நின்றுவிடப் போகிறது, சீக்கிரம் எடுங்கள்.

குரல் எப்படி இருக்கிறது? கோபமா? அவருக்கும் பேச்சு வரவில்லையா? சரி, கொடுங்கள்.

ம்.

ம். ஆவுடையப்பன்தான்.

எங்க? ... எங்க வீட்டு வாசல்லயா? பாளையங்கோட்டையிலயா? ... அந்தக் கோப்புல அதுவா இருந்தது? இன்னைக்கு வர்றேன்னு? எனக்குத் திறக்கல. இங்க பஸ்ல ஒருத்தர் புதுப் பதிப்பு வச்சிருக்கார், அவருக்கும் திறக்கல. ... இல்ல, குத்திக்காட்டல. ... நானா? நான் உங்க வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கேன். அழைப்பு அனுப்பியிருந்தேனே. ... உங்களுக்கும் திறக்கலையா.

ம்.

ம்.

... சாப்பிட்டீங்களா?

... காலையிலயே கிளம்பினா எப்படிச் சாப்பிட்டிருப்பீங்க. உங்க வீட்டம்மாவும் வந்திருக்காங்களா? ரொம்ப நல்லதாப் போச்சு. மீட்டர் பெட்டிக்கு மேல கையை விடுங்க, சாவி இருக்கும். பிரிஜ்ல மாவு இருக்கு. நேத்து அரைச்சது, புளிச்சிருக்காது. மிளகாய்ப்பொடி இடது பக்க அலமாரியில, ரெண்டாவது தட்டு. நல்லெண்ணெய் பக்கத்துலயே இருக்கும். அவ வச்ச இடத்துலதான் எல்லாம் இருக்கு, தேட வேண்டியதில்ல. ... அட, இதுல என்ன சங்கடம், உங்க வீடு மாதிரி. கம்ப்யூட்டரை மட்டும் தொடாதீங்க.

... தேதியா? நேர்ல வந்து ... இல்ல, இருங்க, வைக்காதீங்க. போன்ல பேசணும்னு சொல்லியிருக்கா. இப்பவே பேசிருவோம். நீங்க சொல்லுங்க. ... ஆமா. ஆமா, எனக்கும் அந்த முகூர்த்தம்தான் மனசுல. ... மணி? மணியை நீங்க வாயால சொல்லுங்க. ... காலையிலதானே? ... சரி. சரி சம்பந்தி. சம்மதம். ... இல்ல, உறுதிக்கு ஒண்ணும் அனுப்பல. நீங்களும் அனுப்பாதீங்க. பூரணிக்கு நான் சொல்லிடறேன், விசாகனுக்கு நீங்க சொல்லிருங்க. மண்டபத்துக்கு அவளே பேசிக்குவா. ... ம். வைக்கட்டுமா? ... நீங்க வைங்க. ... சரி, ரெண்டு பேரும் வைப்போம்.

கண்டக்டர், சாத்தூர்ல இறங்கணும். ஆமா, மதுரைக்குத்தான் எடுத்தேன். வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்க.

மேலே அந்தப் பெட்டியை மட்டும் எடுத்துக் கொடுங்கள். பென் டிரைவ் உங்களிடமே இருக்கட்டும், உள்ளே இருந்த விஷயம்தான் வந்துவிட்டதே. நீங்களும் கல்யாணத்துக்கு வர வேண்டும். உங்கள் மெயில் ஐடி ... வேண்டாம். உங்கள் நம்பரை இந்தப் போனில் போட்டுக் கொடுங்கள், நானே கூப்பிட்டுச் சொல்கிறேன். நான் கூப்பிட்டால் முதலில் கொஞ்ச நேரம் சத்தமே வராது. வைத்துவிடாதீர்கள்.